படிவத்தில் இல்லாத கட்டம்

(நமது சங்கத்தின் பொன்விழா ஆண்டில் நடைபெற்ற கல்வி உதவித்தொகை வழங்கும் நிகழ்வில், கல்வி உதவிக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



 

ஒவ்வோர் ஆண்டும் இந்த மேடையில் எங்கள் குழு வந்து நின்று, எத்தனை பேருக்கு உதவினோம், எவ்வளவு கொடுத்தோம் என்று சொல்லிவிட்டு இறங்கும். அந்தக் கணக்கு ஆண்டறிக்கையில் அச்சாகி உங்கள் கைகளில் இருக்கிறது. அல்ஹம்துலில்லாஹ், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆகவே இன்று கொடுத்ததைப் பற்றிப் பேசாமல், கொடுக்காமல் திருப்பி அனுப்பிய ஒரு படிவத்தைப் பற்றிப் பேச உங்கள் அனுமதியை வேண்டுகிறோம். பொன்விழா மேடையில் இப்படி ஒரு பேச்சா என்று யாரும் வருந்த வேண்டாம். ஐம்பது வயதான சங்கம் தன் தவற்றைத் தானே சொல்லிக்கொள்ளலாம்.

திரும்பிப் போன படிவம்

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இளைஞர் நமது அலுவலகத்துக்கு வந்தார். வயது 22. பலதுறைத் தொழிற்கல்லூரிப் படிப்பை முடித்து, தேசிய சேவையையும் முடித்தவர். பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருந்தது. அவர் பெயரை இங்கே சொல்லவில்லை. கதையைச் சொல்லிக்கொள்ள அனுமதி தந்தார், பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

தாயார் சிறு வயதிலேயே இறந்துவிட்டார். தகப்பனார் உயிரோடு இருக்கிறார், ஆனால் எங்கே இருக்கிறார் என்று பிள்ளைக்குத் தெரியாது. சில காலம் சிறுவர் இல்லத்தில் இருந்தார். பிறகு ஒரு மலாய்க் குடும்பம் அவரை வளர்ப்புப் பிள்ளையாக ஏற்றுக்கொண்டது. அந்த அம்மாவை அவர் 'மக்' என்றுதான் அழைப்பார். தமிழ் பேசுவார், கொஞ்சம் தயங்கித் தயங்கி.

நமது படிவத்தில் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, பெற்றோரோடு இருக்கும் மாணவர். தகப்பனாரின் சம்பளச் சீட்டும் கையொப்பமும் வேண்டும். மற்றொன்று, யத்தீம் பிள்ளைகள். தகப்பனாரின் இறப்புச் சான்றிதழ் வேண்டும். இவரிடம் சம்பளச் சீட்டும் இல்லை, இறப்புச் சான்றிதழும் இல்லை. இரண்டு கட்டங்களுக்கும் நடுவில் நின்றார். போதாக்குறைக்கு, அந்நாளில் நாங்கள் வைத்திருந்த வயது வரம்பு 21.

படிவத்தின் மேல் 'முழுமையற்றது' என்று எழுதித் திருப்பி அனுப்பினோம். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. விதிப்படி செய்தோம். விதியை எழுதியவர்களும் நாங்களேதான்.

அடுத்த ஆண்டு ரமலானில், பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி வரிசையில் அவரைப் பார்த்தோம். பொருள் விநியோக வேலையில் இருந்தார். பல்கலைக்கழகம் என்னவாயிற்று என்று கேட்டோம். கட்டணக் கடனுக்கு ஜாமீன் கேட்டார்களாம். மக்குக்கு 60 வயதைத் தாண்டிவிட்டது, அவர் ஜாமீன் போட முடியாது. மக்கின் கணவர் காலமாகிவிட்டார். செலவை எண்ணிப் பயந்து, இடத்தை ஏற்றுக்கொள்வதற்கான கடைசி நாளை அப்படியே கடந்துபோக விட்டுவிட்டார்.

"அப்போதே ஒரு வார்த்தை எங்களிடம் வந்து சொல்லியிருக்கக் கூடாதா தம்பி?" என்று கேட்டோம்.

"இல்ல பாய், உங்க மேல தப்பு இல்ல. அந்தக் கட்டத்துல என்ன எழுதுறதுன்னு எனக்குத் தெரியல" என்றார்.

அந்த ஒரு பதில்தான் எங்களை இந்த மேடைக்குக் கொண்டுவந்திருக்கிறது.

18 வயது என்னும் வாசல்

சிங்கப்பூரில் வளர்ப்புக் குடும்பத் திட்டம் 1956இல் தொடங்கியது. சொந்த வீட்டில் பாதுகாப்பாக இருக்க முடியாத பிள்ளைகளை, வேறொரு குடும்பத்தில் வைத்து வளர்க்கும் அரசுத் திட்டம் அது. இன்று சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சு அதைக் கவனித்துக்கொள்கிறது. நமது சமூகத்திலும் இதற்காக உழைப்பவர்கள் இருக்கிறார்கள். முஸ்லிம் பெண்கள் 1952இல் தொடங்கிய பி.பி.ஐ.எஸ். அமைப்பு வளர்ப்புக் குடும்பங்களுக்குத் துணை நிற்கிறது. 1904இல் தோன்றிய முஸ்லிமீன் அறநிதிச் சங்கம் தாருல் இஹ்சான் இல்லத்தை நடத்துகிறது. அவர்கள் செய்வதை நாம் மீண்டும் செய்யத் தேவையில்லை. அவர்கள் விடும் இடத்தில் நாம் தொடங்குகிறோமா என்பதே கேள்வி.

அந்த இடம் எது? பொதுவாக 18 வயது. பிள்ளைகள், இளையர் சட்டம் 2019இல் திருத்தப்பட்டபோது, பாதுகாப்புக்கான வயது 16இலிருந்து 18ஆக உயர்த்தப்பட்டது. நல்ல மாற்றம். ஆனால் நம் ஊர் ஆண்பிள்ளையின் வாழ்க்கையைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். பலதுறைத் தொழிற்கல்லூரியை முடிக்கும்போது 20. இரண்டு ஆண்டு தேசிய சேவை முடியும்போது 22. அதன் பிறகுதான் பல்கலைக்கழகம். பட்டம் வாங்கும்போது 25, 26 ஆகிவிடும். மற்ற பிள்ளைகளுக்கு இந்த எட்டு ஆண்டும் வாப்பா, உம்மா, மாமா, சாச்சா என்று பின்னால் ஒரு கூட்டம் நிற்கிறது. முகாமிலிருந்து வெள்ளிக்கிழமை இரவு வந்தால் துவைக்கத் துணியைக் கொடுக்க ஒரு வீடு இருக்கிறது. வளர்ப்புப் பிள்ளைக்கு அந்த வீடு சட்டப்படி முடிந்துவிடுகிறது. வளர்த்தவர்களின் அன்பு இருந்தால்தான் தொடரும்.

படிப்புக்கான உதவிகளும் பெரும்பாலும் பெற்றோர் இருக்கிறார்கள் என்ற எண்ணத்தில் அமைந்தவை. பல்கலைக்கழகக் கட்டணத்தில் 90 விழுக்காடு வரை கடன் கிடைக்கும். ஆனால் ஜாமீன் போட ஒருவர் வேண்டும், அவர் 21 முதல் 60 வயதுக்குள் இருக்க வேண்டும். மத்திய சேம நிதியிலிருந்து படிப்புக்குப் பணம் எடுக்கலாம். நம்மில் பலர் பிள்ளைகளுக்காக எடுத்திருக்கிறோம். ஆனால் கைகொடுக்கப் பெற்றோர் இல்லாத பிள்ளைக்கு அந்த வழி எளிதில் திறக்குமா? உபகாரச் சம்பளங்கள் வீட்டு வருமானத்தைத் தலைக்கு இவ்வளவு என்று பங்கிட்டுப் பார்க்கின்றன. எந்த வீடு, எத்தனை தலை என்பதே இவர்களுக்கு விடை தெரியாத கேள்வி.

இந்த வழிகளை அமைத்தவர்கள் மேல் குறை சொல்ல நாங்கள் வரவில்லை. நமது படிவமும் அதே கேள்விகளைத்தான் கேட்டது. ஒவ்வோர் அலுவலகமும் கொஞ்சம் விதிவிலக்குக் காட்டத்தான் செய்யும். ஆனால் விதிவிலக்கு வேண்டும் என்று கேட்கவும் ஒரு துணிவு வேண்டும், கூடவே போய் நிற்க ஒரு பெரியவர் வேண்டும். அந்தப் பெரியவர்தான் இந்தப் பிள்ளைகளிடம் இல்லை.

நம் மார்க்கம் காட்டிய வழி

நாம் யாருடைய உம்மத் என்பதை ஒரு கணம் நினைத்துப் பார்ப்போம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பிறக்குமுன்பே தந்தையை இழந்தார்கள். ஆறு வயதில் தாயை இழந்தார்கள். எட்டு வயதில் பாட்டனாரும் போய்விட்டார். பெரிய தந்தை அபூதாலிப் பொறுப்பேற்றார். அவருடைய மனைவி ஃபாத்திமா பின்த் அஸத் (ரலி) அவர்கள் பெற்ற பிள்ளைபோல் வளர்த்தார்கள். அந்தப் பொறுப்பு எப்போது முடிந்தது? பருவ வயதிலும் முடியவில்லை, திருமணத்திலும் முடியவில்லை. அபூதாலிப் இறக்கும் வரை தம்பி மகனுக்குக் காவலாக நின்றார். அப்போது நபிகளாருக்கு வயது ஏறத்தாழ 50.

மார்க்கச் சட்டப்படி யத்தீம் என்ற நிலை பருவமடைவதோடு முடிகிறது. இதை அறிந்த சிலர், "அவர்தான் பெரியவராகிவிட்டாரே, இனி என்ன உதவி?" என்று கேட்கிறார்கள். ஆனால் யத்தீமின் சொத்தை எப்போது ஒப்படைப்பது என்று திருமறையின் நான்காவது அத்தியாயம் கூறும்போது, வயதோடு நிறுத்தவில்லை. அவர்களைச் சோதித்துப் பார்த்து, பகுத்தறியும் பக்குவம் தெரிகிறதா என்று கண்ட பிறகே ஒப்படைக்கச் சொல்கிறது. அந்தப் பக்குவத்துக்கு அரபியில் 'ருஷ்து' என்று பெயர். பக்குவம் தெரியாவிட்டால் எத்தனை வயது வரை காத்திருப்பது என்று இமாம்கள் ஆராய்ந்தார்கள். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் 25 வயது என்று எல்லை வகுத்தார்கள். சொத்துக்காகச் சொன்ன சட்டம் அது. படிப்புக்கு அதை அப்படியே பொருத்த எங்களுக்குத் தகுதியில்லை. ஆனால் ஓர் இளைஞர் தன் காலில் நிற்க எவ்வளவு காலம் ஆகும் என்பதை நம் முன்னோர் நன்றாகவே அறிந்திருந்தார்கள் என்பது மட்டும் விளங்குகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். பிறர் பிள்ளையை வளர்க்கலாம், ஆனால் அந்தப் பிள்ளையை அதன் தந்தையின் பெயராலேயே அழைக்க வேண்டும் என்பது நம் மார்க்கம். ஸைத் இப்னு ஹாரிஸா (ரலி) அவர்களின் வரலாற்றை மதரஸாவில் படித்திருக்கிறோம். பெயர் தந்தைக்கு, பொறுப்பு வளர்ப்பவருக்கு. இப்படி இரண்டையும் பிரித்து, இரண்டுக்கும் இடம் கொடுத்தது இஸ்லாம். நமது படிவமோ 'தகப்பனார் பெயர்' என்ற கட்டத்தையும் 'பொறுப்பாளர்' என்ற கட்டத்தையும் ஒன்றாக்கி வைத்திருந்தது. பெற்றோர் யாரென்றே தெரியாத குழந்தைக்கும் நம் ஃபிக்ஹு நூல்களில் தனிப் பாடம் இருக்கிறது. அப்படி ஒரு குழந்தை தம் முன் கொண்டுவரப்பட்டபோது, அதன் செலவைப் பொதுநிதியின் பொறுப்பில் எடுத்துக்கொண்டார்கள் உமர் (ரலி) அவர்கள். அங்கே இறப்புச் சான்றிதழ் கேட்கப்படவில்லை.

கட்டணம் மட்டும் போதாது

இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் தந்தையை இழந்து தாயால் வளர்க்கப்பட்டவர்கள். ஆசிரியருக்குக் கொடுக்கத் தாயிடம் ஒன்றுமில்லை. ஆசிரியர் வெளியே போகும்போது மற்ற பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டால் போதும் என்று அந்த ஆசிரியர் ஏற்றுக்கொண்டாராம். கட்டணம் தள்ளுபடி! இன்று நம்மில் எத்தனையோ குடும்பங்கள் அந்த மாணவரின் மத்ஹபைப் பின்பற்றுகின்றன.

அபூயூஸுஃப் (ரஹ்) அவர்களின் வரலாறு இன்னும் நுட்பமானது. அவருக்குப் பாடம் இலவசம்தான். ஆனால் வீட்டில் வறுமை. பாடத்தை விட்டுவிட்டுப் பிழைப்பைப் பார் என்று வீட்டார் அழைத்தார்கள். வகுப்புக்கு வருவது குறைந்தது. ஆசிரியர் இமாம் அபூஹனீஃபா ஒரு பட்டு வணிகர். கணக்குத் தெரிந்தவர். காரணத்தைக் கேட்டறிந்து, 100 திர்ஹம் உள்ள ஒரு பையைக் கொடுத்தார். தீர்ந்ததும் சொல் என்றார். ஆனால் அவர் சொல்லும்வரை காத்திருக்காமல், கொஞ்ச நாளில் தாமாகவே அடுத்த பையைக் கொடுத்தார். அந்த மாணவர் பின்னாளில் கலீஃபா ஹாரூன் அல்ரஷீதின் ஆட்சியில் தலைமை நீதிபதி ஆனார்.

படிக்கவரும் ஏழை மாணவருக்குக் கட்டணம் ஒரு பங்குதான். சாப்பாடு, பேருந்துக் கட்டணம், கணினி, வாடகை, படிப்பதால் இழக்கும் சம்பளம் எல்லாம் சேர்ந்ததுதான் படிப்புச் செலவு. அதோடு, உதவியைக் கேட்டு மீண்டும் மீண்டும் வாசலில் நிற்க வைக்கக் கூடாது.

நமது படிவத்தைத் திருத்த உட்கார்ந்தபோது மற்ற நாடுகளில் என்ன செய்கிறார்கள் என்றும் பார்த்தோம். அமெரிக்காவில் இதற்கென்றே சட்டம் உண்டு. செனட்டர் ஜான் சாஃபியின் பெயரில் 1999இல் ஒரு திட்டம் வந்தது. பின்னர் அதோடு உயர்கல்விக்கான உதவி சேர்ந்தது. வளர்ப்புப் பராமரிப்பில் இருந்த இளையருக்கு ஆண்டுக்கு 5,000 டாலர் வரை, அதிகபட்சம் ஐந்து ஆண்டுகளுக்குக் கொடுக்கலாம். 2018இல் வயது வரம்பை 26 வரை நீட்டினார்கள். டெக்ஸஸ், ஃபுளோரிடா போன்ற மாநிலங்களில் அரசுக் கல்லூரிக் கட்டணமே தள்ளுபடி.

எங்கள் மனத்தில் தைத்தது பணத்தொகை அல்ல. அங்கே மாணவர் நிதியுதவிக்கு எல்லாரும் நிரப்பும் பொதுவான படிவத்தில் ஒரு கேள்வி இருக்கிறது. 13 வயதுக்குப் பிறகு எப்போதாவது வளர்ப்புப் பராமரிப்பில் இருந்தவர் என்றால், அவர் பெற்றோரைச் சாராத மாணவராகக் கணக்கிடப்படுவார். பெற்றோரின் வருமான விவரம் கேட்கப்படாது. ஒரே ஒரு கட்டம்தான்! இன்னொன்று, கலிஃபோர்னியாவில் ஃபுல்லர்ட்டன் பல்கலைக்கழகம் 1998இல் இத்தகைய மாணவர்களுக்கென ஒரு தனித் திட்டம் தொடங்கியது. விடுமுறையிலும் தங்குமிடம், கூப்பிட்டுக் கேட்க ஓர் ஆலோசகர் என்று ஏற்பாடு செய்தது. பண்டிகைக்கு விடுதி மூடும்போது, போக வீடில்லாத பிள்ளை எங்கே போகும் என்று அவர்கள் யோசித்திருக்கிறார்கள்.

இவ்வளவு இருந்தும் அங்கே பட்டம் பெறும் வளர்ப்புப் பிள்ளைகள் குறைவுதான். பணம் வந்தாலும் ஆள் துணை இல்லாவிட்டால் பாதியில் விட்டுவிடுகிறார்கள். ஆள் துணை என்பது நமக்குக் கைவந்த ஒன்று. இந்தச் சங்கம் பிறந்ததே அதற்காகத்தான்.

நாங்கள் கேட்பது

எங்கள் குழு ஏற்கெனவே படிவத்தை மாற்றிவிட்டது. தகப்பனார் பெயர் ஒரு கட்டம், வளர்த்தவர் அல்லது பொறுப்பாளர் வேறொரு கட்டம். யாரும் இல்லையென்றால் 'தாமே பொறுப்பு' என்று எழுத ஒரு கட்டம். சம்பளச் சீட்டுக்குப் பதிலாக, சிறுவர் இல்லத்தின் அல்லது சமூக ஊழியரின் ஒரு கடிதம் போதும்.

மற்ற மூன்றும் பொதுக்குழுவின் முன் வருகின்றன. முதலாவது, வயது வரம்பை 26 ஆக்குவது. இரண்டாவது, இந்தப் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறை காசோலை கொடுப்பதற்குப் பதிலாக மாதந்தோறும் கொடுப்பது. ஒவ்வொரு பருவமும் அவர்கள் மறுபடி விண்ணப்பிக்க வேண்டாம். தீருமுன் நாமே கேட்போம். மூன்றாவது, ஒவ்வொரு பிள்ளைக்கும் நம் உறுப்பினர் குடும்பங்களில் இரண்டைத் துணையாக இணைப்பது.

பணம் எங்கிருந்து வரும் என்று பொருளாளர் கேட்டார். நியாயமான கேள்வி. ஸகாத் முயிஸ் வழியாக உரியவர்களுக்குப் போகிறது, அதை நாங்கள் தொடவில்லை. நமது கல்வி நிதி நீங்கள் மனமுவந்து தரும் சதக்காதான். பொன்விழாவுக்காக வந்த நன்கொடையில் ஒரு பங்கை விருந்துக்கும் மேடைக்கும் செலவிடாமல் இதற்கென ஒதுக்கத் தலைவர் இசைந்திருக்கிறார். ஜஸாக்கல்லாஹு கைரன்.

ஜாமீன் விஷயத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். சங்கம் ஜாமீன் நிற்க முடியாது. தனி மனிதர்தான் நிற்க வேண்டும். படித்தவர் கடனைக் கட்டத் தவறினால் ஜாமீன் போட்டவர் கட்ட வேண்டியிருக்கும். அதனால் யாரையும் வற்புறுத்தவில்லை. எங்கள் குழுவில் இருவர் முன்வந்திருக்கிறோம். வீட்டில் கலந்து பேசி, விருப்பமுள்ளவர் எங்களிடம் தனியாகச் சொல்லுங்கள்.

"அந்தப் பிள்ளை நம் உறுப்பினர் வீட்டுப் பிள்ளை இல்லையே?" என்று ஒரு பெரியவர் கேட்டார். அவருக்கு மரியாதையோடு ஒரு பதில். நம் மூத்தோர் ஊரிலிருந்து கப்பலேறி இங்கு வந்தபோது அவர்களும் இங்கே யார் வீட்டுப் பிள்ளையும் இல்லை. யாரோ ஒருவர் பாய் விரிக்க இடம் கொடுத்தார். யாரோ ஒருவர் முதலாளியிடம் கூட்டிப்போய், "நம்ம பையன்தான், நான் பொறுப்பு" என்றார். அந்த ஒரு சொல்லில்தான் நம் குடும்பங்கள் இந்த மண்ணில் வேர் பிடித்தன. அந்தப் பெரியவரும் சிரித்துக்கொண்டே, தம்மையும் அப்படி ஒருவர்தான் கடைக்குக் கூட்டிப்போனார் என்று சொன்னார். பிறகு மறுக்கவில்லை.

தாய்மார்களிடம் ஒரு வேண்டுகோள். துணைக் குடும்பம் என்றால் பெரிய செலவு என்று நினைக்க வேண்டாம். தேர்வு எப்படி எழுதினாய் என்று ஒரு தொலைபேசி அழைப்பு. காய்ச்சல் என்றால் கொஞ்சம் கஞ்சி. பெருநாள் காலைத் தொழுகை முடிந்து எல்லாரும் அவரவர் வீட்டுக்குக் கிளம்பும்போது, "வாப்பா, நம்ம வீட்டுக்குப் போகலாம்" என்று ஒரு கூப்பிடு. தொழுகை முடிந்த அந்த அரைமணி நேரத்தைத்தான் தாங்க முடியாது என்று இல்லத்தில் வளர்ந்த ஒரு பெண்பிள்ளை எங்களிடம் சொன்னார். படிப்பைப் பற்றிக் கேட்கப் போன இடத்தில் கிடைத்த பதில் அது.

கடைசியாக, அந்த இளைஞரைப் பற்றி. அவர் இப்போது பகலில் வேலை பார்த்துக்கொண்டே மாலை நேரப் பட்டப்படிப்பில் சேர்ந்திருக்கிறார். அது நம் உதவியால் நடந்ததல்ல. மக்கின் மருமகன் ஜாமீன் போட்டார். புதிய படிவத்தை முதலில் அவரிடம்தான் கொடுத்து, இதை நிரப்ப முடிகிறதா பாருங்கள் தம்பி என்று கேட்டோம். முழுவதும் படித்துப் பார்த்தார். "இப்ப எழுதலாம் பாய்" என்றார். நிரப்பிக் கொடுத்திருக்கிறார். இன்று உதவி பெறுவோர் வரிசையில் அவரும் அமர்ந்திருக்கிறார். யார் என்று தேட வேண்டாம். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒன்றுபோல் கை தட்டுங்கள்.

வளர்த்தவர்களின் உழைப்பை அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக. படிக்கும் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியைத் தருவானாக. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இந்தச் சங்கத்தைத் தொடங்கி இன்று நம்மிடையே இல்லாத பெரியவர்களின் கப்றுகளை ஒளிமயமாக்குவானாக. ஆமீன்.